யுவிகா முகாம்: 84 சதவீதத்தை வைத்துக்கொண்டு விண்ணப்பிக்கலாமா?

கேள்வி: என் மகள் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். எட்டாம் வகுப்பில் 84 சதவீதம். ஒலிம்பியாட் எதுவும் எழுதியதில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இஸ்ரோ கோடையில் நடத்தும் யுவிகா விண்வெளி அறிவியல் முகாமுக்குப் போக ஆசைப்படுகிறாள். டவுனில் உள்ள ஒரு மையத்தில், "நாலாயிரம் கட்டுங்கள், பயிற்சியும் கொடுத்து விண்ணப்பமும் போட்டுத் தருகிறோம்" என்கிறார்கள். போட்டுப் பார்க்கலாமா, இல்லை வீண்வேலையா? (ஒரு தந்தை, திருவண்ணாமலை மாவட்டம்)

பதில்: விண்ணப்பியுங்கள். நாலாயிரத்தைக் கட்டாதீர்கள்.

2023 முதல் 2025 வரை வந்த அறிவிப்புகளில், தேர்வுக்கான மொத்தம் 100 புள்ளியில் எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50, பஞ்சாயத்துப் பகுதிப் பள்ளியில் படித்தால் 15, இணையவழி வினாடி வினாவுக்கு 10 என்று கணக்கு. அறிவியல் கண்காட்சிக்கு அதிகபட்சம் 10. ஒலிம்பியாட், விளையாட்டு, சாரணர் அல்லது என்.சி.சி. இவற்றுக்குத் தலா 5 வரை. உங்கள் மகளின் 84 சதவீதம் 42 ஆகும். நகரத்தில் 96 எடுத்த பிள்ளைக்கு 48. வித்தியாசம் வெறும் 6. உங்கள் பள்ளி கிராம ஊராட்சியில் இருந்தால் அந்த 15 மகளுக்கு வரும், அந்தப் பிள்ளைக்கு வராது. இதற்கு மேல் என்ன யோசனை?

மையக்காரர் பயிற்சி கொடுத்துக் கூட்டக்கூடியது அந்த வினாடி வினா 10-இல் ஏதோ கொஞ்சம். அதற்கா நாலாயிரம்? விண்ணப்பத்துக்கு இஸ்ரோ ஒரு பைசாகூட வாங்குவதில்லை. தேர்வானால் தங்குமிடம், சாப்பாடு, பாடப்பொருள் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ரயில் கட்டணமும் இரண்டாம் வகுப்பு ஏசி வரை திரும்பக் கிடைக்கும். டிக்கெட்டைத் தொலைக்காமல் வைத்திருங்கள்.

பணம் போவதைவிட மோசமான ஆபத்து ஒன்று இருக்கிறது. இதுமாதிரி இடங்களில் தங்கள் மின்னஞ்சலையும் தங்கள் செல்போன் எண்ணையும் போட்டுப் பதிவு செய்துவிடுவார்கள். அப்புறம் தேர்வான தகவல் வந்தாலும் அது உங்கள் கைக்கு வராது. வினாடி வினாவையும் கடையில் வேலை பார்க்கும் பையனே தட்டிவிடுவான். போதாததற்கு "ஒலிம்பியாட் சான்றிதழ் ஏற்பாடு செய்யலாம்" என்பார்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் பொய் தெரிந்தால் பிள்ளையின் தேர்வே ரத்து. பழி யாருக்கு? பதினான்கு வயதுப் பெண்ணுக்கு. உங்கள் செல்போனில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் மகளே பதிவு செய்யட்டும்.

இப்போது அந்த 15-ஐக் கவனமாகப் பாருங்கள், நிறையப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். கிராம ஊராட்சியில் உள்ள பள்ளிக்குத்தான் அது. பேரூராட்சி என்ற பெயரில் 'ஊராட்சி' இருந்தாலும் அரசுக் கணக்கில் அது நகர்ப்புற அமைப்பு. வயல் நடுவே பள்ளி இருக்கும், ஆனால் எல்லை பேரூராட்சியில் இருக்கும். அப்படியானால் 15 கேட்காதீர்கள். உங்கள் வீடு கிராமத்தில் இருந்து பள்ளி பேரூராட்சியில் இருந்தாலும் இதே கதைதான், பார்ப்பது பள்ளி இருக்கும் இடத்தை. பள்ளி எந்த உள்ளாட்சியில் வருகிறது என்று தலைமை ஆசிரியரிடம் நேரிலேயே கேளுங்கள். பக்கத்துக் கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம்.

போன மூன்று வருடங்களில் பள்ளி அளவிலான கண்காட்சியில் கலந்திருந்தாலும் 2 உண்டு, மாவட்ட அளவு என்றால் 5. கஷ்டம் என்னவென்றால், கண்காட்சி நடத்துகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், கலந்துகொண்ட பிள்ளைக்கு ஒரு தாள் எழுதிக் கொடுப்பதில்லை. ஜே.ஆர்.சி. (ஜூனியர் ரெட் கிராஸ்) அட்டையைக் காட்டி 5 கேட்க முடியாது, அது பட்டியலில் இல்லை. யுவிகா பற்றிய சுற்றறிக்கையோ பல பள்ளிகளில் தேதி முடிந்தபின் மேசையிலிருந்து வெளியே வருகிறது. கிராமத்துப் பிள்ளைக்கு 15 தருகிற திட்டம் கிராமத்துப் பள்ளிக்கே நேரத்துக்குப் போய்ச் சேராதது எனக்குத் தாங்கவில்லை.

2024, 2025 இரண்டிலும் பிப்ரவரி கடைசி வாக்கில் பதிவு திறந்து மார்ச் 20-ஐ ஒட்டி முடிந்தது. அதனால் ஜனவரியிலேயே எட்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றையும், ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள் என்று தலைமை ஆசிரியர் கையெழுத்திட்ட சான்றையும் வாங்கி வையுங்கள். கடைசி நாள் வரை காத்திருந்தால் இணையதளம் திணறும். பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டால் விண்ணப்பிக்க முடியாது, மகளுக்கு இந்த ஒரு வருடம்தான்.