புது இன்ஜெக்டர், பழைய ஓ-ரிங்

பெட்ரோல் காருக்கு நான்கு இன்ஜெக்டரும் புதிதாக மாற்றினேன். மறுநாள் காலை ஷெட்டைத் திறந்தால் ஒரே பெட்ரோல் வாடை. மெக்கானிக்கிடம் கேட்டால், 'புதுசுன்னா ரெண்டு நாளைக்கு அப்படித்தான் இருக்கும்' என்கிறார். உண்மையா?
— நெல்லிக்குப்பம் வாசகர்

பொய். வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், ஷெட்டில் லைட் சுவிட்சையும் தொடாதீர்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டு அந்த மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அவர் வேலை, அவர் செலவு.

என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சுவது இன்ஜெக்டர். நான்கு இன்ஜெக்டருக்கும் பெட்ரோலைப் பகிர்ந்து கொடுக்கும் குழாய்தான் ஃப்யூயல் ரெயில். அதற்குள் பெரும்பாலான வண்டிகளில் 3 முதல் 4 பார் அழுத்தம் இருக்கும். டயரில் நீங்கள் பிடிக்கும் காற்று 2 பார் சொச்சம்தான். இவ்வளவு அழுத்தத்தைத் தாங்கி நிற்பது இன்ஜெக்டரின் மேல்முனையில் இருக்கும் ஓ-ரிங் என்ற ஒரு ரப்பர் வளையம். கீழ்முனையில் இன்னொன்று, அது விட்டால் பெட்ரோல் ஒழுகாது, வெளிக்காற்றை இன்ஜின் உறிஞ்சிக்கொண்டு ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி ஓடும்போது, வேகம் ஏறி இறங்கும். ரெயிலைக் கழற்றினால் இரண்டையும் மாற்றியே ஆகவேண்டும். ஆயிரக்கணக்கில் சாமான் வாங்க வைத்துவிட்டு, இந்தச் சில்லறைக் காசு ரிங்கில் கஞ்சத்தனம் பிடிக்கும் மெக்கானிக்குகளைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புது ரிங்கையும் உலர்ந்தபடியே திணித்தால் மடங்கி அறுந்துவிடும். ஒரு சொட்டு சுத்தமான இன்ஜின் ஆயில் தடவி, ரெயிலை நேராக வைத்துக் கையால் அழுத்தி உட்காரவைக்க வேண்டும். போல்ட்டை முறுக்கி ரெயிலை இழுத்து உட்காரவைப்பது சோம்பேறி வேலை. அப்புறம் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் இரண்டு மூன்று முறை ஆன் செய்து, பம்ப் அழுத்தம் ஏற்றியதும் டார்ச் அடித்து ஒவ்வொரு முனையாகப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

நானும் யோக்கியன் இல்லை. பல வருடம் முன்பு இதே வேலைக்கு, கடலூரில் தண்ணீர் மோட்டார் சாமான் விற்கும் கடையில் அளவு பார்த்து எட்டு ரிங் வாங்கினேன். பார்க்க அச்சு அசல் அதேதான். ஆனால் தண்ணீருக்குச் செய்த ரப்பர் பெட்ரோலில் ஊறிப் பருத்துவிடும் என்று தெரியவில்லை. சில வாரம் கழித்து, விலை குறைவு என்று வழக்கம்போல் புதுச்சேரி எல்லைக்குள் கன்னியக்கோயில் போய் டேங்கை நிரப்பினேன். லிட்டருக்கு மிச்சம் பிடித்ததை, திரும்பி வரும் வழியெல்லாம் ஒழுகவிட்டேன்.

டீசல் கார். பழைய வண்டியிலிருந்து பிரித்த இன்ஜெக்டர் இரண்டு வாங்கி மாட்டினேன். மாட்டியதிலிருந்து உதறல், கறும்புகை. இன்ஜினே போய்விட்டது, பிரிக்கணும் என்கிறார்கள்.
— வில்லியனூர் வாசகர்

பிரிக்க விடாதீர்கள். இப்போதுள்ள டீசல் இன்ஜெக்டர்கள் பலவற்றின் தலையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு பொறித்திருக்கும். ஸ்கேனர் வைத்து அதை வண்டியின் இசிஎம்-மில், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியில், ஏற்றினால்தான் எந்த இன்ஜெக்டருக்கு எவ்வளவு டீசல் என்ற கணக்கு சரியாகும். ஏற்றினார்களா என்று கேளுங்கள். அடியில் இருக்கும் காப்பர் வாஷர் புதியதா என்றும் கேளுங்கள். பிறகு ரிட்டர்ன் லீக் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரும் திருப்பி அனுப்பும் டீசலைத் தனித்தனிக் குப்பியில் பிடிப்பார்கள். நான்கு குப்பியில் ஒன்று மட்டும் வேகமாக நிரம்பினால் குற்றவாளி அந்த இன்ஜெக்டர்தான். இதையெல்லாம் பார்க்காமல் இன்ஜினைப் பிரிக்கலாம் என்பவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். நீங்கள் ஏமாற்றப்படுகிறீர்கள் என்றே நினைக்கிறேன்.

வீடியோ பார்த்து டீசல் வண்டி ரெயில் பைப்பை நானே கழற்றலாமா?
— லாஸ்பேட்டை வாசகர்

கூடாது. அதில் 1,600 பாரும் அதற்கு மேலும் அழுத்தம் வரும். இன்ஜின் ஓடும்போது நட்டைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

14,000 ரூபாய் கொடுத்து இன்ஜெக்டர் மாற்றினேன். பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும் என்றதால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டே மாதத்தில் பழைய கோளாறு. 'நான் மாற்றவே இல்லை' என்கிறார் மெக்கானிக்.
— பண்ருட்டி வாசகர்

மிச்சம் பிடித்த 2,520 ரூபாயை வைத்து என்ன செய்தீர்கள்? பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். ஆனால் வேண்டாம் என்றது நீங்கள். கூகுள் பே-யில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவு, வாட்ஸ்அப்பில் பேசியது, எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். கழற்றிய பழைய இன்ஜெக்டர்களைக் கேட்டு வாங்கினீர்களா? இல்லை என்றுதான் சொல்வீர்கள்.

ஆன்லைனில் 'ஒரிஜினல்' என்று வாங்கிய நான்கு இன்ஜெக்டரும் டூப்ளிகேட். பில் இருக்கிறது. விற்றவர் டெல்லியில் இருக்கிறார், 'மாட்டிய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்' என்கிறார். டெல்லிக்கா போய் வழக்குப் போடுவது?
— மஞ்சக்குப்பம் வாசகர்

வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று 2019 சட்டம் சொல்கிறது. உங்களுக்குக் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் பக்கத்திலேயே இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்து புகாரைப் பதியுங்கள். விற்றவர்கள் பல பேர் அந்தக் கட்டத்திலேயே பணத்தைத் திருப்பிவிடுவார்கள். டூப்ளிகேட் என்று சொன்ன ஒர்க்‌ஷாப்பில் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். சாமானையும் பெட்டியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மைலேஜ் கூட, பெட்ரோல் டேங்கில் ஊற்றும் இன்ஜெக்டர் கிளீனர் வாங்கலாமா?
— முதலியார்பேட்டை வாசகர்

என் வீட்டுப் பரணில் மூன்று பாட்டில் இருக்கிறது. வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.