விருப்ப வரிசை வாக்குமுறை உள்ள நகரத் தேர்தல்களில் கட்சிகள் எப்படி வியூகம் வகுக்கின்றன? "எங்களுக்கு மட்டும் போடுங்கள்" என்று கேட்பது பலன் தருமா?

பலன் தராது. அப்படிக் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கியவள் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன். நீங்களும் யாருக்காகவோ வேலை செய்யத் தொடங்கி, மேலிடத்திலிருந்து இந்த உத்தரவு வந்து, மனம் ஒப்பாமல் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

2021 ஜூன், நியூயார்க் மாநகரில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல். சீட்டில் ஐந்து பேர் வரை வரிசைப்படுத்தலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். அந்நகரின் குயின்ஸ் பகுதியில் மாநகர மன்றத்துக்கு நின்ற ஒருவருக்காக நான் தன்னார்வலராக இருந்தேன். எங்களுக்குக் கொடுத்த தாளில் இரண்டு கட்டளைகள்: போட்டியாளரின் பிரசாரப் பலகை நட்ட வீட்டுக்குப் போகக் கூடாது, இரண்டாம் இடத்தைப் பற்றிப் பேசவே கூடாது.

ஒரு மாலை எண் மாறி அப்படியொரு வீட்டு மணியை அடித்துவிட்டேன். கதவைத் திறந்த பெரியவர் என் பெயர் அட்டையைப் பார்த்ததும் தமிழில் பேச ஆரம்பித்தார். உள்ளே போய் மாதிரி வாக்குச்சீட்டைக் கொண்டுவந்தார். போட்டியாளர் பெயருக்கு நேரே முதல் வட்டத்தைப் பென்சிலால் அழுத்தி நிரப்பியிருந்தார். "இவர் என் மகனுக்குத் தெரிந்தவரம்மா, முதலிடம் இவருக்குத்தான். மிச்சம் நாலு காலியாக இருக்கிறதே, யாருக்குப் போட? நீயே சொல்லேன்." நானோ கட்டளைக்குப் பயந்து, "உங்கள் விருப்பம் ஐயா" என்று சொல்லிவிட்டு, துண்டறிக்கைகூடக் கொடுக்காமல் படியிறங்கினேன்.

அவர் ஆதரித்தவர் இடையிலேயே நீக்கப்பட்டார். கடைசிச் சுற்றில் மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றது எங்கள் ஆள். அந்தப் பென்சில் வட்டம் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

"இரண்டாவதாக வேறொருவரைப் போட்டால் முதலிடத்தவரின் வெற்றி பாதிக்கும்" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். பாதிக்காது. முதலிடத்தவர் களத்தில் இருக்கும்வரை இரண்டாம் இடத்தை எண்ணுவதே இல்லை.

அதே தேர்தலில் மேயர் போட்டியைப் பாருங்கள். ஆண்ட்ரூ யாங் தன் ஆதரவாளர்களிடம் இரண்டாம் இடத்தைக் கேத்ரின் கார்சியாவுக்குத் தரச் சொன்னார். கார்சியா பதிலுக்கு அப்படிச் சொல்லவில்லை. கடைசியில் எரிக் ஆடம்ஸ் கார்சியாவை வென்றது 7,197 வாக்கு வித்தியாசத்தில். இருவரில் ஒருவரையும் குறிக்காததால் கடைசிச் சுற்றுக்கு வராமல் போன சீட்டுகளோ ஏறத்தாழ 1,40,000! அதற்கும் முன்பே, 2010இல், கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து மேயர் தேர்தலில் முதல் சுற்றில் முந்திய டான் பெராட்டாவை ஜீன் குவான் வென்றது மற்றவர்களின் ஆதரவாளர்களிடம் போய் இரண்டாம் இடம் கேட்டதால்தான். 2025இல் நியூயார்க் மேயர் பதவிக்கான உட்கட்சித் தேர்தலில் போட்டியிட்ட மம்தானியும் லேண்டரும் ஒருவரையொருவர் ஆதரிக்கச் சொன்னார்கள். உழைக்கும் குடும்பங்கள் கட்சி என்ற சிறிய இடதுசாரிக் கட்சி முதலில் ஒரே பெயரைச் சொல்லாமல் நான்கு பேர் பட்டியலையே கொடுத்தது. அதே போட்டியில் நின்ற முன்னாள் ஆளுநர் கூமோவை வரிசையில் எங்குமே சேர்க்காதீர்கள் என்ற பிரசாரமும் கூடவே நடந்தது.

மம்தானிக்குக் கொடி பிடிக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். 2018இல் சான் பிரான்சிஸ்கோ மேயர் தேர்தலில் மார்க் லெனோவும் ஜேன் கிம்மும் இதே போலக் கைகோர்த்து, லண்டன் பிரீடிடம் நூலிழையில் தோற்றார்கள். கூட்டு மட்டும் வெற்றி தந்துவிடாது என்பது எனக்கும் தெரியும். கேட்காமல் விட்ட இரண்டாம் இடம் தானாக வராது என்பதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன். நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சென்னைத் தேர்தல் கணக்கை நள்ளிரவு வரை போடுகிறார்கள். இங்கே வாக்குரிமை பெற்று வருடங்கள் ஆனவர்கள், உட்கட்சித் தேர்தலில் வாக்களிக்கக் கட்சியில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதையே அறியாமல் இருக்கிறார்கள். அந்தப் படிவத்தைக் குழுவில் மூன்று முறை போட்டேன், ஒருவர்கூட என்னவென்று கேட்கவில்லை. அந்தப் பெரியவருக்கு இருந்த அக்கறை இவர்களில் பாதிப் பேருக்கு இல்லை.

2025இல் வேறொருவருக்காக இறங்கியபோது, போட்டியாளரின் பலகை நட்ட வீடுகளில்தான் முதலில் மணியடித்தேன். "முதலிடத்தை மாற்றச் சொல்லி வரவில்லை, உங்கள் இரண்டாம் இடம் காலியாக இருக்கிறதா?" என்று கேட்டேன். பல வீடுகளில் உள்ளே வந்து உட்காரச் சொன்னார்கள்.