பழைய கெசட் பாட்டுகள்ல வர்ற டிரம் மெஷின் (தாளம் வாசிக்கற பெட்டி), சின்த் (எலக்ட்ரோனிக் கீபோர்ட்) எதுன்னு காதால கேட்டே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஆனா ஆப்ப தேடாதீங்க. "மாமாவோட கெசட் பெட்டிய எடுத்து வச்சிருக்கேன், அதுல உள்ள மெஷின் பேரச் சொல்ற ஆப் இருக்கா"ன்னு கேட்டிருக்கீங்க. பாட்டுப் பேரச் சொல்ற ஆப் இருக்கு, மெஷினுக்கு நான் காதத்தான் நம்புவேன். அநேகமா நீங்களும் ஏதாவது ரீல்ஸ்ல "இது 808"னு (ரோலண்ட் கம்பெனியோட டிஆர்-808ங்கற டிரம் மெஷின்) யாரோ அடிச்சு விட்டத பாத்துட்டுத்தான் இந்தப் பக்கம் வந்திருப்பீங்க. தப்பில்ல. ஆனா அந்த நம்பர கேட்டாலே எனக்கு எரியும், ஏன்னு சொல்லிடறேன்.

நான் இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கம். கோயில் திருவிழா, கல்யாணம்னு இசைக்குழுவுல ரொம்ப காலம் கீபோர்ட் வாசிச்சவன். எங்க குழுவுல ஒரு ரோலண்ட் டிஆர்-505 இருந்துச்சு, கிட்டார்காரரோட அண்ணன் துபாய்ல இருந்து வரும்போது கொண்டாந்தது, 1986ல வந்த மாடல், பெட்டரியிலயும் ஓடும். தோட்டத்துல கரண்ட் போற ராத்திரியெல்லாம் அத மடியில வச்சுகிட்டு அந்த சின்ன சின்ன பட்டன்கள தட்டி ரிதம் ஏத்தினது நான்தான், அதனால அதோட ஒவ்வொரு சத்தமும் எனக்கு தூக்கத்துல கேட்டாலும் தெரியும்.

கொஞ்ச காலத்துக்கு முன்னாடி கொட்டகலையில ஒரு கல்யாண வீடு. பொண்ணு பக்கத்து சொந்தக்காரர் ஒருத்தர் கொழும்புல இருந்து வந்திருந்தாரு, ரீமிக்ஸ் பண்றவராம். எண்பதுகள்ல இந்தப் பக்கம் நடந்த ஒரு மியூசிக்கல் ஷோவோட கெசட்ட கம்பியூட்டர்ல ஏத்தி வச்சிருந்தாரு, அத செட்ல போட்டுட்டு "கேளுங்க, ஒரிஜினல் 808, மேல வர்றது ஜூபிட்டர்-8"னாரு (அது ரோலண்டோட சின்த்). நான் சும்மா இருந்திருக்கலாம், ஆனா வாய் சும்மா இருக்குமா, இல்லைங்களேன்னேன். அதுக்கு அவரு சிரிச்சுகிட்டே "தோட்டத்துல இருந்துகிட்டு நீங்க 808 எங்க பாத்தீங்க"ன்னாரு. பாத்ததில்லதான் சார், கண்ணால பாத்ததே இல்ல. பாட்ட கண்ணாலயா கேக்கறாங்க?

இப்ப நான் அவருக்கு சொன்னத உங்களுக்கும் சொல்றேன். ஒரு சத்தம் எப்படி இருக்குன்னு மட்டும் கேட்டா ஏமாந்துருவீங்க, அந்த மெஷினால எது முடியாதுன்னு கேளுங்க. 1980ல வந்த டிஆர்-808ல ரெக்கோட் பண்ணி வச்ச சத்தம் ஒன்னு கூட கிடையாது, எல்லாமே சர்க்கியூட் உண்டாக்கற சத்தம். அதோட ஹைஹேட் (காலால மூடித் தொறக்கற ஜோடித் தட்டு), சிம்பல் எல்லாம் ஆறு ஸ்குவேர் வேவ் ஆசிலேட்டர (ஒரே சுருதியில சத்தம் உண்டாக்கற சர்க்கியூட்) கலந்து வடிகட்டி எடுக்கறது, நெசமான பித்தள சிம்பல் மாதிரி இருக்கவே இருக்காது. அவரு போட்ட கெசட்ல ஹைஹேட் அசல் ஹைஹேட்ட ரெக்கோட் பண்ணி வச்ச சத்தம். அதோட 808 கத முடிஞ்சுது. (ரோலண்டோட டிஆர்-909 ஆ இருக்கலாமேன்னு கேப்பீங்க, 1983ல வந்த அதுல ஹைஹேட்டும் சிம்பலும் சாம்பிள்தான், அதாவது ரெக்கோட் பண்ணி வச்ச சத்தம்தான், ஆனா அதுல கொங்கான்ற கையால தட்டற டிரம் கிடையாது, இந்த கெசட்ல பாட்டு முழுக்க கொங்கா.)

ஒடனே "அப்ப லின்"னாரு. லின்னுன்னா இன்னொரு கம்பெனியோட டிரம் மெஷின். 1980ல வந்த லின் எல்எம்-1ல சிம்பலே இல்ல. 1982ல வந்த லின்டிரம்ல சிம்பல் இருக்கு, கொங்காவும் இருக்கு, ஆனா டிம்பாலி (குச்சியால அடிக்கற உலோக உடம்பு டிரம்) இல்ல. கெசட்ல சரணம் முடியற எடத்துல எல்லாம் டிம்பாலி "டங்கு"ன்னு விழுது, எல்லா அடியும் ஒரே அளவு, அக்சன்ட் போட்ட எடத்துல மட்டும் தூக்கலா. எங்க தப்படிக்கறவங்கள எடுத்துக்கோங்க, நெருப்புல காய்ச்சி எடுத்த ஒடனே ஒரு சத்தம், பனியில அரை மணி நேரம் நின்னா வேற சத்தம், ரெண்டு லயன் வீட்டு வரிசை தள்ளி இருந்தே யாரு கைன்னு சொல்லிடலாம். மெஷினுக்கு அந்த கை கிடையாது. அந்த டிம்பாலி 505 ஓடது, நான் தட்டித் தட்டி வெறுத்துப்போன அதே டிம்பாலி.

கீபோர்ட் இன்னும் சுலபம். ஜூபிட்டர்-8 கட்டைய மெதுவா அமுக்கினாலும் ஓங்கி அமுக்கினாலும் ஒரே சத்தம்தான், 1981 மாடல், வெலாசிட்டி கிடையாது. ரோலண்டோட ஜூனோ-60, 106 கூட அப்படித்தான். இந்த கெசட்ல வாசிச்சவர் அழுத்தி அடிச்சா சத்தம் கண்ணாடி மாதிரி பளிச்சுன்னு வருது, மெதுவா வாசிச்சா மழுங்குது. அது எஃப்எம், ரேடியோ இல்ல, ஒரு அலையால இன்னொரு அலைய ஆட்டி சத்தம் உண்டாக்கற முறை. 1983ல வந்த யமஹா டிஎக்ஸ்7 ஓட எலக்ட்ரிக் பியானோ அப்படித்தான் இருக்கும். டிஎக்ஸ்7ல ஃபில்டரே (சத்தத்தோட கூர்மைய வடிகட்டற பகுதி) இல்ல, அதனால "வ்வாவ்"னு மெதுவா தொறக்கற சத்தம் கேட்டீங்கன்னா அத லிஸ்ட்ல இருந்து எடுத்துருங்க.

இதுக்கு பெரிய ஸ்டூடியோ அண்ணமாருங்க வந்து "ஈக்யூ (பேஸ், ட்ரெபிள கூட்டிக் கொறைக்கறது) போட்டா எதையும் எதுவா வேணும்னாலும் மாத்தலாம்"னு கமென்ட் போடுவீங்க, தெரியும். 808 சத்தம் சாம்பிளாவும் சுத்துது, 1989ல வந்த ரோலண்ட் ஆர்-8 டிரம் மெஷினுக்கு ஒரு கார்ட சொருகினா அதுல 808 வரும், அதனால "808 சத்தம்"னு சொல்லலாம், "808 பெட்டி அங்க இருந்துச்சு"ன்னு சத்தியம் பண்ண முடியாது. ஒத்துக்கறேன். ஆனா இல்லாத மெஷின இல்லன்னு சொல்றதுக்கு சத்தியம் எதுக்கு?

கெசட்டுன்னதால இன்னொன்னு. நம்ம பக்கம் ரெக்கோடிங் பார்ல (கெசட் அடிச்சுத் தர்ற கடை) அடிச்ச கொப்பியோட கொப்பிதான் நெறைய, ஸ்பீட் கூடக்கொறைய இருக்கும், சுருதிய வச்சு முடிவெடுக்காதீங்க. அதுல 808 கவ்பெல் (மாட்டு மணி மாதிரி சத்தம்) நல்ல ஆதாரம். ரெண்டு ஆசிலேட்டர், ஒன்னு சுமார் 540 ஹேர்ட்ஸ், மத்தது சுமார் 800. டேப் எவ்வளவு மெதுவா ஓடினாலும் ரெண்டுக்கும் நடுவுல உள்ள தூரம் மாறாது, ச-ப தூரத்துக்கு ஒரு இழை கம்மி. ஆர்மோனியத்துல ச-பவ புடிச்சுகிட்டு கேளுங்க, அந்த இடறல் காதுல உறுத்தும்.

வருஷத்தையும் மொதல்ல பாருங்க. பில் காலின்ஸோட 1981 பாட்டு 'இன் தி எயார் டுநைட்' ஆரம்பத்துல வர்ற ரிதம கூட 808ன்றாங்க, அது ரோலண்டோட 1978 மாடல் சிஆர்-78. நெசமான 808 வேணும்னா பம்பாய்ல சரண்ஜித் சிங் 1982ல ராகங்கள வச்சு பண்ணின டிஸ்கோ ரெக்கோட்ட தேடிக் கேளுங்க, 808, டிபி-303 (பேஸ் வாசிக்கற ரோலண்ட் சின்த்), ஜூபிட்டர்-8 மூணுமே அதுல இருக்கு, ராகம் தெரிஞ்ச காதுக்கு மெஷின் தனியா பிரிஞ்சு கேக்கும்.

மெஷின் மெஷின்னு இவ்வளவு பேசறாங்களே, அத வாசிச்சவன யாரு கேக்கறா? ஒரு கோயில்ல தேருக்கு விடிய விடிய வாசிச்சோம், சவுண்ட் செட்காரருக்கு அட்வான்ஸோட முழுக்காசு, எங்களுக்கு "அடுத்த கிழமை வாங்க". அடுத்த கிழமை போனா திருநீறும் ஒரு சீப்பு வாழப்பழமும். இப்ப அதுவும் இல்ல, ஒரு பையன் லெப்டொப்ப தொறந்து வச்சுகிட்டு நிக்கறான், கமிட்டிக்கு அது போதுமாம். சரி விடுங்க, அது வேற கத.

கொழும்புக்காரர் ஒத்துக்கல. அதே துண்ட "வின்டேஜ் 808"னு போட்டு இன்னும் லைக் வாங்கிட்டுத்தான் இருக்காரு.

நீங்க கேக்கும்போது ஹெட்போன் போட்டுக் கேளுங்க, 808 கிக்கோட (கால் டிரம்) அடிச்சத்தம் 50 ஹேர்ட்ஸ் பக்கம் இருக்கும், போன் ஸ்பீக்கர்ல அது வராது. ஆடாசிட்டின்ற கம்பியூட்டர் சொப்ட்வெயார்ல போட்டு மெதுவா ஓட்டுங்க. குழப்பமா இருந்தா இங்கயே ஒரு துண்டு போடுங்க, கேட்டுட்டு சொல்றேன். வாட்ஸப்ல நாலு பேருக்கு போய் வந்த வொய்ஸ் நோட்ட மட்டும் போடாதீங்க, அதுல மொதல்ல சாகறது ஹைஹேட்தான், அப்புறம் நான் எத வச்சு சொல்ல?