கேமராவை இப்போது கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: எனக்கு 63 வயது. தஞ்சாவூரில் இருக்கிறேன். மாக்குலர் டீஜெனரேஷன், அதாவது விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுவிட்டது என்கிறார் டாக்டர். எதைப் பார்த்தாலும் நடுவில் புகை மூட்டம், ஓரங்கள்தான் தெரிகின்றன. ஓவியம், போட்டோ என்றால் எனக்கு உயிர். இனி எதற்கு என்று கேமராவை அக்கா மகனுக்குக் கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. அவசரப்படாதீர்கள்.

வினோத் பிஹாரி முகர்ஜி என்ற சாந்திநிகேதன் ஓவியரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை; இன்னொன்றில் கடுமையான கிட்டப்பார்வை. அதை வைத்துக்கொண்டே 1940-களில் அங்குள்ள இந்தி பவனில் பக்தி இயக்க அடியார்களைச் சுவர் நெடுக வரைந்தார். பிறகு ஓர் அறுவை சிகிச்சை பலிக்காமல், இருந்த பார்வையும் போயிற்று. அப்புறம்தான் வண்ணக் காகிதங்களைக் கத்தரித்து ஒட்டிப் படம் செய்யத் தொடங்கினார். பார்வையற்றவர் செய்தது என்று இரக்கப்பட்டுப் பார்க்க வேண்டியவை அல்ல அவை. நல்ல படங்கள், அவ்வளவுதான்.

உங்களுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. பொருளை நேராகப் பார்க்காமல் சற்று மேலேயோ பக்கத்திலோ பார்வையை வைத்துப் பாருங்கள். அது புகையை விட்டு வெளியே வரும். எந்தப் பக்கம் தோதுப்படும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதைக் கண்டுபிடித்துப் பழக்கிவிட லோ விஷன் கிளினிக் என்று தனிப் பிரிவே உண்டு. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா இரண்டிலும் இருக்கிறது. கண்ணாடி பவர் பார்ப்பதோடு அனுப்பிவிட்டால் இந்தப் பயிற்சியை நீங்களே கேட்டு வாங்குங்கள்.

போட்டோ விஷயத்தில் ஒரே ஒரு மாற்றம். இதுவரை பார்த்துவிட்டு எடுத்தீர்கள். இனி எடுத்துவிட்டுப் பாருங்கள். பெரிய கோயில் சுவரில் ஒரு சிற்பம். வெயில் சாய்வாக விழும் நேரம், நிழல் எங்கே கனத்திருக்கிறது என்பது உங்கள் ஓரப்பார்வைக்கே பிடிபடும். அங்கே குறிவைத்து நாலைந்து எடுங்கள். வீட்டுக்கு வந்து டிவி திரையில் போட்டுக் கிட்டே உட்கார்ந்து, துண்டு துண்டாகப் பெரிதாக்கிப் பாருங்கள். விரல் மடிப்பு, இடுப்பு மணி என்று நல்ல கண் இருந்த காலத்தில் தாண்டிப் போனதெல்லாம் அகப்படும். ஆட்களை எடுக்க போனே உதவும். ஐபோனில் திரையில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லும் வாய்ஸ்ஓவர் வசதியைப் போட்டுக் கேமராவைத் திறந்தால், எத்தனை முகம் என்று அதுவே சொல்லும். கண்காட்சிக்கு யாரையாவது கூட்டிப் போங்கள். ஆனால் “அழகா இருக்கு” என்று முடித்துவிடும் ஆள் வேண்டாம், என்ன இருக்கிறது என்று சொல்பவராகப் பாருங்கள்.

ஒன்று முக்கியம். கதவு நிலை, ஜன்னல் கம்பி போன்ற நேர்கோடுகள் திடீரென்று வளைந்து தெரிந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். அன்றே டாக்டரிடம் போய்விடுங்கள்.