தக்காளி வேண்டாம், வெந்தயம் போடுங்கள்

கேள்வி: என் மகனுக்கு நான்கரை வயது. உருளைக்கிழங்கைத் தவிர எந்தக் காயையும் தொடுவதில்லை. செடி வளர்க்கப் பழக்கினால் தானாகச் சாப்பிடுவான் என்கிறார்கள். வீட்டுக்காரரோ, "ஊரெல்லாம் தக்காளி விளையுது, மாடியில எதுக்கு இன்னும் நாலு செடி?" என்று சிரிக்கிறார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: தக்காளி விஷயத்தில் அவர் பக்கம்தான் நான். நாற்று விட்டு, எடுத்து நட்டு, பழம் பறிக்க மூன்று மாதம் ஆகும், அதற்குள் பையன் செடியையே மறந்திருப்பான்.

வெந்தயம் போடுங்கள். அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறதே, அதேதான். ராத்திரி ஊறவைத்து, அடியில் ஓட்டை போட்ட பழைய பேசினில் செம்மண்ணும் மக்கிய சாண எருவும் கலந்து நிரப்பி, தூவி, மேலே லேசாக மண் போட்டால் மூன்று நான்கு நாளில் முளை தெரியும், 25 நாள் வாக்கில் கீரை பறிக்கலாம். தூவுவது, தண்ணீர் விடுவது, பறிப்பது எல்லாம் அவன் வேலை. குடம் கொடுத்தால் செடியை மூழ்கடித்துவிடுவான், சின்ன டம்ளர் போதும். அப்புறம் முள்ளங்கி, 45 நாளில் அவனே பிடித்து இழுக்கலாம்.

அவரையை ஆடியில் ஊன்றினால் மார்கழிக் குளிரில் காய்க்கும். நம் பக்கத்துப் பிதுக்கம்பருப்புக் குழம்பு இருக்கவே இருக்கிறது. ஊறிய அவரைக் கொட்டையை, அதாவது மொச்சையைப் பிதுக்கித் தோலை எடுக்கும் வேலையை அவனிடம் விடுங்கள், பாதி சுவரில் தெறிக்கும், பரவாயில்லை.

ஆனால் ஒன்று. வளர்த்ததுமே சாப்பிட்டுவிடுவான் என்று நம்பாதீர்கள். வளர்த்தால் அந்தக் காய் பழகிய காய் ஆகும், அவ்வளவுதான். வாயில் வைப்பது அதற்குப் பிறகு. புதுக் காயின் ருசி பிடிபட பல குழந்தைகளுக்கு எட்டுப் பத்துத் தடவை, சிலருக்கு 15 தடவைகூட வேண்டியிருக்கிறது. இரண்டாம் தடவை துப்பியதும் "இவனுக்குப் பிடிக்காது" என்று நாம்தான் முடிவு கட்டிவிடுகிறோம். ஒரு ஸ்பூன் அளவு வையுங்கள், தின்றாலும் துப்பினாலும் பேசாமல் இருங்கள். "நீதானே வளர்த்தே, சாப்பிடு" என்று மடக்குவதும் வேண்டாம், "கீரை தின்னா மிட்டாய்" என்பதும் வேண்டாம், அப்படிச் சொன்னால் கீரை தண்டனை என்று அவனுக்குப் புரிந்துவிடும். வெந்தயக்கீரை கசக்கத்தான் செய்யும், முதலில் ராகி அடையில் கொஞ்சமாகக் கிள்ளிப் போடுங்கள்.

வாரச் சந்தைக்குப் போகும்போது அவன் கையில் இருபது ரூபாய் கொடுத்து ஒரு காயை அவனையே வாங்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால், சிரிக்கிறாரே உங்கள் வீட்டுக்காரர், அவர் தட்டோரம் என்னென்ன ஒதுக்கி வைக்கிறார் என்று பாருங்கள். பையன் அதைத்தான் தினமும் பார்க்கிறான்.