வாட்ச் போடும் மதிப்பெண்

கேள்வி: என் வயது 54. பள்ளி ஆசிரியை. மகன் வாங்கித் தந்த ஸ்மார்ட் வாட்ச்சைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறேன். ஆழ்ந்த தூக்கம் 40 நிமிடம் என்கிறது. மதிப்பெண் 60-ஐத் தாண்டுவதில்லை. அதைக் கூட்டுவதற்காக 9 மணிக்கே படுத்துவிடுகிறேன். தூக்கம் வர 11 ஆகிறது. நடுவில் விழிப்பு வந்தால் முதலில் வாட்ச்சைத்தான் பார்க்கிறேன். ஞாயிறன்று மட்டும் 8 மணி வரை படுத்திருப்பேன். தூக்கம் சரியாக இந்தக் கருவி உதவுமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உதவும் அம்மா. ஆனால் நீங்கள் பார்த்துப் பார்த்து வருந்துகிற அந்த எண்ணால் அல்ல.

தூக்கத்தின் நிலைகளைச் சரியாகப் பிரித்தறிய மூளை அலைகளைப் பதிவுசெய்ய வேண்டும். தலையில் ஒயர்களை ஒட்டி இரவு முழுக்கச் செய்கிற சோதனை அது. மணிக்கட்டில் இருப்பது கை அசைவையும், பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி நாடித் துடிப்பையும் அளந்து, மற்றதை ஊகித்துக்கொள்கிறது. போன வருடம் என் வாட்ச்சை அம்மாவின் கையில் கட்டிவிட்டேன். கண்ணை மூடி, அசையாமல், வாய்க்குள் சுலோகம் சொல்லிக்கொண்டு நள்ளிரவு வரை படுத்திருந்தார். உதடு அசைவதைப் பக்கத்தில் உட்கார்ந்து நானே பார்த்தேன். காலையில் வாட்ச்சைப் பார்த்தால், 10.10-க்கே தூங்கிவிட்டதாகக் கணக்கு எழுதியிருந்தது!

வயது கூடக்கூட ஆழ்ந்த தூக்கம் குறைவதும் இயல்புதான். எண்ணைத் துரத்திப் போய்த் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதற்கு 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ‘ஆர்தோசோம்னியா’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். உங்களைப் போல் எத்தனையோ பேர் இதில் தவிக்கிறார்கள். எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வாட்ச் ஓரளவு நம்பகமாகச் சொல்வது, எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்பதை. மூன்று வாரங்களுக்கு அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில், படுத்த நேரம், எழுந்த நேரம், கடைசிக் காபி குடித்த நேரம், பகலில் எவ்வளவு உற்சாகமாக இருந்தீர்கள் என நான்கே வரிகள் எழுதுங்கள். வாட்ச்சைத் திறப்பதற்கு முன்பே இந்த நான்காவது வரியை எழுதிவிட வேண்டும். காபியைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது: மாலை 6 மணிக்குக் குடித்த காபியிலுள்ள கஃபீனில் ஏறக்குறைய பாதி இரவு 11 மணிக்கும் உடம்பில் இருக்கும்.

9 மணிக்குப் படுப்பதை இன்றே விட்டுவிடுங்கள். தூக்கமில்லாமல் இரண்டு மணி நேரம் புரண்டால், கட்டில் என்றாலே மனம் விழித்துக்கொள்ளப் பழகிவிடும். கண்ணைச் சுழற்றும்போது, 10.45 வாக்கில் படுங்கள். ஞாயிறு உட்பட தினமும் ஒரே நேரத்தில் எழுந்துவிடுங்கள். படுத்ததும் தூக்கம் வரத் தொடங்கியபின், படுக்கும் நேரத்தைக் கால் கால் மணி நேரமாக முன்னுக்குக் கொண்டுவரலாம். நடுவில் விழித்தால் மணி பார்க்காதீர்கள். வாட்ச் கையிலேயே இருக்கட்டும், திரையை மட்டும் அணைத்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் வீட்டில் இருப்பவர்களிடம் கேளுங்கள். குறட்டை விடும்போது திடீரென்று மூச்சு நின்று, பிறகு திணறி இழுக்கிறீர்களா? பகலில் வகுப்பில் உட்கார்ந்தபடியே கண் சொருகுகிறதா? ஆம் என்றால், வாட்ச் எவ்வளவு நல்ல மதிப்பெண் போட்டாலும் நம்பி இருந்துவிடாதீர்கள். நுரையீரல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பாருங்கள். விரலிலும் மூக்கிலும் கருவி பொருத்தி வீட்டிலேயே ஓர் இரவில் செய்யும் சோதனை இருக்கிறது. உங்களுக்கு அது போதுமா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.