பழைய கேம், புது பிசி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

முழு ஆண்டுப் பரீட்சை முடிந்து லீவு விட்டதும் மதுரையில் எத்தனையோ வீடுகளில் பரணிலிருந்து சிடி பை இறங்கிவிடுகிறது. தான் சின்ன வயதில் ஆடிய கேமைப் பிள்ளைக்குக் காட்ட வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. கேம் ஓடவில்லை என்றதும் எனக்கு எழுதுகிறார்கள். இருபது வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் கேம் அநேகமாக நன்றாகத்தான் இருக்கிறது. அது வந்த காலத்துக் கம்ப்யூட்டரில் இருந்த ஏதோ ஒன்றைத் தேடிப் பார்த்து, காணாமல் நின்றுவிடுகிறது. எதைத் தேடுகிறது என்று தெரிந்துவிட்டால் வழியும் தெரிந்துவிடும்.

விண்டோஸ் 11 லேப்டாப்பில் பழைய கேம் சிடியின் செட்டப்பைத் தொட்டதுமே ‘இந்த ஆப் உங்கள் பிசியில் ஓடாது’ என்று வருகிறது. பழைய விண்டோஸ் போல ஓட்டிக் காட்டும் கம்பாட்டிபிலிட்டி மோட் போட்டும் பயனில்லை. என்ன செய்ய? (திருமங்கலம் வாசகர்)

அந்த செட்டப் 16 பிட் புரோகிராமாக, அதாவது விண்டோஸ் 95-க்கு முந்தைய காலத்துப் பாணியில் எழுதியதாக இருக்கும். 64 பிட் விண்டோஸில் 16 பிட் புரோகிராமை ஓட்டும் பகுதியே கிடையாது, அதனால் எந்த மோட் போட்டாலும் நகராது. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பும் இருந்தது. விண்டோஸ் 11-இல் 64 பிட் மட்டும்தான்.

சிடி அட்டையைத் திருப்பிப் பாருங்கள். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் என்று போட்டிருந்தால் டாஸ்பாக்ஸ் போதும். 2002-இல் வந்த இலவச மென்பொருள் அது. உங்கள் லேப்டாப்புக்குள்ளேயே ஒரு பழைய டாஸ் கம்ப்யூட்டரை, சவுண்ட் பிளாஸ்டர் கார்டு உட்பட, அப்படியே நடித்துக் காட்டும்.

விண்டோஸ் 95 என்று போட்டிருந்தால் கதை வேறு. அந்தக் காலத்தில் கேம் 32 பிட்டாக இருக்கும், செட்டப் மட்டும் 16 பிட்டாக இருக்கும். கேம் ஃபைல்கள் சிடியில் விரித்தே கிடந்தால் அந்த ஃபோல்டரை ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்து நேரே ஓட்டிப் பாருங்கள். சுருக்கி வைத்திருந்தால், வின்இவிடிஎம் என்ற இலவச மென்பொருள் வழியாகச் செட்டப்பை ஓட்டலாம். 16 பிட் விண்டோஸ் புரோகிராம்களை 64 பிட்டில் ஓட்டுவதற்கென்றே எழுதப்பட்டது அது.

டாஸ்பாக்ஸில் பழைய கார் ரேஸ் கேம் ஒன்று போட்டேன். கார் கிளம்பியது தெரிவதற்குள் மோதிவிடுகிறது. மகன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். (செல்லூர் வாசகர்)

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. 1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அதற்குக் கேம் எழுதியவர்கள் பலர் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளக்கவில்லை. பிராசஸர் ஒரு சுற்று முடித்தால் கார் ஒரு அடி நகரட்டும் என்று எழுதிவிட்டார்கள். பிராசஸர் பத்து மடங்கு வேகமானால் காரும் பத்து மடங்கு வேகமாகப் பாயும். 386, 486 காலத்து கேபினட்டில் டர்போ என்று ஒரு பட்டன் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பெயரைப் பார்த்து வேகத்தைக் கூட்டுகிற பட்டன் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இந்த மாதிரிக் கேம்களுக்காக மெஷினை மெதுவாக்கத்தான் அதை வைத்தார்கள்.

டாஸ்பாக்ஸில் அந்தப் பட்டன் இரண்டு சாவியில் இருக்கிறது. கேம் ஓடும்போதே கன்ட்ரோலும் எஃப்11-உம் சேர்த்து அழுத்தினால் வேகம் குறையும், கன்ட்ரோலும் எஃப்12-உம் என்றால் கூடும். எண் ஜன்னலின் மேல் வரிசையில் தெரியும். சைக்கிள்ஸ் என்று இருக்கும் அதை 3000-இல் தொடங்கி, ஸ்டியரிங் கைக்கு அடங்கும் வரை கூட்டிக் குறைத்துப் பாருங்கள். பிடித்த எண்ணை டாஸ்பாக்ஸின் கான்ஃபிக் ஃபைலில் எழுதி வைத்துவிட்டால் அடுத்த முறை தேட வேண்டாம்.

இதே கோளாறு பிந்தைய விண்டோஸ் கேம்களிலும் உண்டு. ஜிடிஏ வைஸ் சிட்டியில் நொடிக்கு இத்தனை படம்தான் என்று கட்டுப்படுத்தும் ஃப்ரேம் லிமிட்டரை அணைத்துவிட்டு, வண்டி ஓட்டுவது சரியில்லை என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். அதை ஆன் செய்தே ஆடுங்கள்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 பழைய சிடி. புல்வெளி ஊதாவாகவும் தண்ணீர் சிவப்பாகவும் தெரிகிறது. மானிட்டர் போய்விட்டதா? (மேலூர் வாசகர்)

மானிட்டர் நன்றாக இருக்கிறது. 1999-இல் வந்த அந்தக் கேம் 256 வண்ணங்களை மட்டும் வைத்து, எந்த எண்ணுக்கு எந்த வண்ணம் என்று தானே ஒரு பட்டியல் போடும். அது ஓடிக்கொண்டிருக்கும்போது விண்டோஸ் தன் பட்டியலை மேலே எழுதிவிடுகிறது. விண்டோஸ் 7-இல் இது மிகவும் சகஜம். சிஎன்சி டிடிரா என்ற சின்ன மென்பொருளின் ஃபைல்களைக் கேம் ஃபோல்டரில் போட்டால் சரியாகும். முப்பரிமாணக் கேம்களுக்கு இதே வேலையை டிஜிவூடூ செய்யும். டைரக்ட் எக்ஸ், கிளைடு என்ற பழைய கிராபிக்ஸ் முறைகளின் கட்டளைகளை இன்றைய கிராபிக்ஸ் கார்டுக்குப் புரிகிறபடி மாற்றிக் கொடுக்கும்.

சிடியைப் போட்ட பிறகும் ‘சிடியைப் போடு’ என்றே கேட்கிறது. நண்பர் பூட்டை உடைக்கிற ஏதோ கிராக் ஃபைல் அனுப்பினார். போடலாமா? (வில்லாபுரம் வாசகர்)

வேண்டாம். 2000-ஐ ஒட்டி வந்த பல சிடிகளில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு இருந்தது. அந்தப் பூட்டின் டிரைவர் விண்டோஸின் பாதுகாப்பையே ஓட்டையாக்கியதால் விண்டோஸ் 10-இல் அதை எடுத்துவிட்டார்கள். சிடி உங்களுடையதே ஆனாலும் கேமால் அதைச் சரிபார்க்க முடியாது. முகம் தெரியாத இடத்திலிருந்து வந்த கிராக் ஃபைலில் என்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று சொல்ல முடியாது. அப்படிக் கெட்ட மெஷின்களைக் கையால் எண்ண முடியாத அளவு பார்த்துவிட்டேன். கேம் விற்கும் ஜிஓஜி தளத்தில் பூட்டு இல்லாத பதிப்பு கிடைக்கிறதா என்று பாருங்கள். தள்ளுபடி நாளில் ஒரு பிரியாணி விலைகூட ஆகாது.

தினமும் என் பையன் சேவ் செய்கிறான், ஆனால் கேம் ஃபோல்டரில் எந்த ஃபைலும் இல்லை. பென்டிரைவில் எடுத்து வைக்க முடியவில்லை. (அண்ணாநகரிலிருந்து ஒரு அக்கா)

ஃபைல் தொலையவில்லை அக்கா. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் கேம்களை எழுத விடுவதில்லை. பழைய கேம் அங்கே எழுதப் போனால் விண்டோஸ் சத்தமில்லாமல் வேறு இடத்தில் வாங்கி வைக்கிறது. உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், அதற்குள் விர்ச்சுவல்ஸ்டோர். ஆப்டேட்டா மறைந்திருக்கும், மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லிவிட்டுத் தேடுங்கள். இனிமேல் பழைய கேம்களை சி டிரைவில் கேம்ஸ் என்று தனி ஃபோல்டர் போட்டு அதில் இன்ஸ்டால் செய்துவிடுங்கள்.

சிடியை முழுவதும் ஹார்ட் டிஸ்குக்கு காப்பி செய்துவிட்டேன். கேம் ஓடுகிறது, பாட்டு மட்டும் வரவில்லை. (ஒத்தக்கடை வாசகர்)

பாட்டு ஃபைலாக இல்லை, ஆடியோ சிடி டிராக்காக இருக்கிறது. எக்ஸ்புளோரரில் காப்பி செய்தால் அது வராது, சிடியை ஒரே ஃபைலாக்கும் ஐஎஸ்ஓ எடுத்தாலும் வராது. ‘பின்’, ‘க்யூ’ என்ற ஜோடி ஃபைலாக இமேஜ், அதாவது சிடியின் அச்சு அசல் நகல் எடுங்கள். இம்க்பர்ன் என்ற மென்பொருள் அதைச் செய்யும். டாஸ் கேம் என்றால் அந்த க்யூ ஃபைலை டாஸ்பாக்ஸ் அப்படியே சிடியாக ஏற்றுக்கொள்ளும்.

அக்காவுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப் சும்மா கிடக்கிறது. இன்றைய கேம் எதுவும் ஓடவில்லை. தூக்கிப் போடச் சொல்கிறார்கள். (உசிலம்பட்டி, பிளஸ் டூ மாணவர்)

போடாதே தம்பி. 2011-இல் தொடங்கிய திட்டத்தின் மெஷின்கள் பழைய கேம்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. டாஸ்பாக்ஸ், பழைய கதைக் கேம்களை ஓட்டும் ஸ்கம்விஎம் இரண்டும் ஓடும், லினக்ஸ் இருந்தாலும் ஓடும். 1993-இல் வந்த டூம் கேமின் மூல நிரலை 1997-இலேயே வெளியிட்டுவிட்டார்கள். அதை வைத்து எழுதிய கிரிஸ்பி டூமும், இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீடூம் ஃபைல்களும் சேர்ந்தால் காசே இல்லாமல் முழு கேம் தயார். நிரல் எழுதும் ஆசை இருந்தால் அந்த மூல நிரலைத் திறந்து படி. கல்லூரியில் சேரும் முன்பே நிறையக் கற்றுக்கொள்வாய்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். பிள்ளைகளுக்காக 1990-களில் வாங்கிய கேம் ஃபிளாப்பிகள் முப்பது இருக்கின்றன. உயிர் இருக்குமா? (வாடிப்பட்டி வாசகர்)

ஐயா, பாதிக்கு மேல் இருக்கும் என்றே நம்புகிறேன். ஆனால் அவசரப்பட்டு எதிலும் சொருக வேண்டாம். நம் ஊரில் ஃபிளாப்பிக்கு இரண்டு எதிரிகள், ஓட்டுக்கடியில் பரணில் ஏறும் சூடு, மழைக்காலத்தில் பிடிக்கும் பூஞ்சை. உலோக மூடியை விரலால் தள்ளி, உள்ளே இருக்கும் பழுப்பு வட்டைச் சுற்றிப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அதைத் தனியாக வைத்துவிடுங்கள். சொருகினால் டிரைவின் ஹெட்டில், அதாவது வட்டைப் படிக்கும் முனையில், பூஞ்சை ஒட்டி, அடுத்து வரும் நல்ல ஃபிளாப்பியையும் கீறிவிடும்.

சுத்தமாக இருப்பவற்றின் மூலையில் உள்ள சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளி ஓட்டை திறந்திருக்கும்படி வையுங்கள். அப்போதுதான் யாரும் அதில் எழுத முடியாது. 3.5 அங்குல ஃபிளாப்பி என்றால் யுஎஸ்பி டிரைவ் போதும். சொருகியதும் ‘ஃபார்மேட் செய்யட்டுமா’ என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒருமுறை என் சொந்த ஹார்ட் டிஸ்கை ஒரு கடையில் கொடுத்தபோது, கேட்காமலே ஃபார்மேட் செய்து கையில் கொடுத்தார்கள். அதில் இருந்த எதுவும் திரும்பி வரவில்லை. அதனால் இந்த ஒரு பட்டன் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் அதிகம்.

ஒவ்வொரு ஃபிளாப்பியையும் முழு இமேஜாக எடுத்து, லேபிளில் உள்ள பெயரையே ஃபைலுக்கும் வையுங்கள். ஒன்று 1.44 எம்பிதான், முப்பதும் சேர்ந்து 50 எம்பியைத் தாண்டாது. சட்டத்தைப் பற்றிய தயக்கம் வேண்டாம். உங்களிடம் முறையாக உள்ள மென்பொருளுக்குப் பாதுகாப்புப் பிரதி எடுத்துக்கொள்ள இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவே இடம் தருகிறது.

ஒரு டிரைவில் படிக்காத ஃபிளாப்பி இன்னொன்றில் படிக்கும். ஹெட் நிற்கும் இடம் டிரைவுக்கு டிரைவ் மயிரிழை மாறும், அதுதான் காரணம். இரண்டு மூன்று டிரைவில் போட்டுப் பார்த்தும் படிக்காத ஃபிளாப்பிகளைத் தனியாகக் கட்டி வையுங்கள். குப்பையில் மட்டும் போட்டுவிடாதீர்கள் ஐயா.